இருநூறு கிராம்

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள் எங்கள் பக்கம்.
நாங்கள் அளவையே ஆற்றில் போட்டோம்.
புவா ஆறு இடுப்பளவு ஓடிய ஜனவரியில்
லெக்ஸன் சைக்கிளைத் தோளில் தூக்கிக் கடக்கையில்
பின்பெட்டி வாய் பிளந்து
இரண்டு கிலோ இரும்புக்குண்டு
சத்தமே இல்லாமல் போயிற்று.

குண்டில்லாமல் தராசை எப்படிச் சரிபார்ப்பது?
மத்தோலீனோ கடையில் வாங்கினோம்
இரண்டு கிலோ சர்க்கரை, பாலித்தீன் பையில் முடிச்சிட்டது.
கொக்கியில் மாட்டியதும்
முள் ஒன்று எட்டில் நின்றுவிட்டது.
"ஸ்பிரிங்கில் ஆற்றுத்தண்ணீர் ஏறியிருக்கும்" என்று
திருகை இருநூறு கிராம் முன்னே தள்ளினேன்.
நான்தான் தள்ளினேன்.
'சரிசெய்யப்பட்டது' என்று எழுதி
லெக்ஸன் நேரமும் போட்டான்.

அந்த வாரம் அறுபத்து மூன்று குழந்தைகள்.
மசுக்கு மரக்கிளையில் நீலப்பை.
உள்ளே விட்ட காலால் முள்ளையே உதைத்தது ஒன்று.
மூத்திரம் பெய்து கண்ணெதிரே எடை குறைந்தது ஒன்று.
அழாத குழந்தையைத்தான் நான் இரண்டு முறை பார்ப்பேன்.
எலூபேயின் மகன் அழவில்லை.
இரண்டு முறை பார்த்தேன்.
முள் கோட்டுக்கு மயிரிழை மேலே.
மேலே என்றால் கடலைப்பசைப் பொட்டலம் கிடையாது;
அதை நல்ல செய்திபோலச் சிரித்துக்கொண்டே சொன்னேன்.
என்னைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள்,
பையனை முதுகில் வாரிக் கட்டிக்கொண்டு
ஏதோ சொல்லிவிட்டுப் போனாள்.
லெக்ஸன் மொழிபெயர்க்கவில்லை.

அந்தச் சர்க்கரையை
ராத்திரித் தேநீரில் போட்டுக் குடித்தோம்.
தகரக் கூரையில் மழை. மக்காச்சோளம் முழங்காலுயரம்.
கதிர் முற்றும்வரை ஊர் ஒரு வேளைதான் உண்ணும்.
நாங்கள் மூன்று வேளை உண்டோம்,
கதவைச் சாத்திக்கொண்டு.

பதினோராம் நாள் தடுப்பூசி லாரியில்
புதுக்குண்டு வந்தது.
மாட்டினோம். இரண்டு புள்ளி இரண்டு.
கழற்றி மாட்டினோம். அதே.
லெக்ஸன் மீதிச் சர்க்கரையைப் பார்த்தான்,
நான் பதிவேட்டைப் பார்த்தேன்.

மத்தோலீனோவுக்குக் கோபம்கூட வரவில்லை.
"லிலோங்வேயிலிருந்து வரும் மூட்டையே
ஐம்பது என்று எழுதிய நாற்பத்தைந்து அம்மா.
நான் அதை இருபத்தைந்தாகப் பிரிக்கிறவன், அவ்வளவுதான்."
மூட்டை கட்டியவனைக் கேட்டால்
அவனும் யாரையாவது சொல்வான்.

அறுபத்து மூன்று வரிகளிலும்
சிவப்பு மையால் இருநூறைக் கழித்தோம்.
ஒன்பது பேர் கோட்டுக்குக் கீழே இறங்கினார்கள்.
இறங்கியது காகிதத்தில்.
அவர்கள் அங்கேதான் இருந்தார்கள், பதினொரு நாளாக.

பொட்டலங்கள், தராசு, குண்டு, ஒன்பது வீடு.
வாசலில் நின்று "ஓடி?" என்று குரல் கொடுக்கவேண்டும்;
உள்ளிருந்து பதில் வரும்வரை
நகரக் கூடாது.
எட்டு வீட்டில் பதில் வந்தது.
எட்டு வீட்டிலும் தவறு என்னுடையது என்றேன்.
ஒருத்தி எனக்கே உட்காரப் பாய் விரித்தாள்.

எலூபே வீட்டில் கோழி மட்டும் எட்டிப் பார்த்தது.
"ஓடி?"
"ஓடி?"
வேலிக்கு அந்தப் பக்கம் சோளத்தில் களையெடுத்தவள்
நிமிராமலே சொன்னாள்:
எடை பார்த்த அன்றைக்கே கிளம்பிவிட்டாளாம்,
மிஷன் ஆஸ்பத்திரிக்கு, நடந்து, இருபத்தேழு கிலோமீட்டர்.
பையன் கட்டிலில் இருக்கிறானாம்.
மூக்கில் குழாயாம். நேற்று மீன்காரன் பார்த்தபோது
அழுதுகொண்டிருந்தானாம்.

அழுதானா என்று திரும்பக் கேட்டேன்.
ஊரே கேட்கும்படி, என்றாள்.

"அன்றைக்கு என்ன சொன்னாள் லெக்ஸன்?"
செயினைப் பார்ப்பதுபோல் குனிந்தான்.
செயின் சரியாகத்தான் இருந்தது.
"உங்கள் தராசுக்கு உடம்பு சரியில்லை,
எங்காவது காட்டுங்கள் என்றாள்."

திரும்புகையில் ஆறு இன்னும் இடுப்பளவு.
குண்டைப் பெட்டியில் வைக்கவில்லை.
கையிலேயே பிடித்துக்கொண்டு கடந்தேன்.